நின்றபடி குறி தவறாமல்: 10 மீற்றர் எயார் ரைபிள்

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எங்களில் பலருக்கு நெஞ்சு இறுகும். எனக்கும் அப்படித்தான். அந்தத் தயக்கத்தோடுதான் இந்த விளையாட்டைப் பற்றி அறியத் தொடங்கினேன்.

குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர். இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டமோ அரை மில்லிமீற்றர்தான். தகுதிச் சுற்றில் 60 சூடுகள், எல்லாம் நின்றபடி. 2008 இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தப் போட்டியில்தான் இந்தியாவின் முதலாவது தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார்.

5.5 கிலோ வரை எடையுள்ள ரைபிளைத் தசையால் தாங்கினால் கை நடுங்கும். வலக்கைக்காரர் இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி, பாரத்தை எலும்பில் இறக்க வேண்டும். குறிபார்த்தபின் கண்ணை மூடித் திறவுங்கள்; குறி விலகியிருந்தால் கையால் இழுக்காமல் பாதங்களை நகர்த்துங்கள். மூச்சைப் பாதி வெளிவிட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்துங்கள். சுட்ட பின்னும் ஓரிரு விநாடி அசையாதிருங்கள்.

பத்து விநாடிக்குள் சூடு அமையவில்லையா? ரைபிளைத் தாழ்த்தி, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்குங்கள். மூச்சை அடக்கி இழுத்தடித்தால் பார்வை மங்கும், உடல் ஆடும். சுடாமல் தாழ்த்துவதையும் பழக வேண்டும் என்று அறிந்தபோது என் தயக்கம் கொஞ்சம் குறைந்தது.