கூண்டு ஏறும் நாளின் மின்சாரம்: கடலூர்க் கரையில் செலவும் நம்பகமும்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நெய்வேலியின் அனல்மின் நிலையங்கள் கடலூர் மாவட்டத்தில்தான் உள்ளன. இருந்தும், கம்பங்கள் சாய்ந்த பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரை மின்வாரியக் கம்பி எட்டாத ஊர் அரிது. ஆனால் பெரும்புயல் ஒன்று வந்தால் கம்பி இருந்த ஊரும் இல்லாத ஊராகிறது. தனித்தியங்கும் சூரிய மின் அமைப்பை இங்கே அந்த நாட்களை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

செலவுக் கணக்கைப் பெரும்பாலும் ஆண்டுச் சராசரி வெயிலைக் கொண்டு போடுகிறார்கள். இந்தக் கரைக்கு அது போதாது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. மின்வெட்டு நீளக்கூடிய மாதங்களும் அவையே. கம்பியும் வெயிலும் ஒரே வாரத்தில் கைவிடும் இடம் இது.

ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் 4, நாளுக்கு 5 மணி நேரம்: 100 வாட்-மணி. கைப்பேசிக்கு 16. 28 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 224. மொத்தம் 340. நாளுக்கு 5 மணி நேர முழு வெயிலுக்கு இணையான ஒளி கிடைத்து, இழப்புகள் போக 70 விழுக்காடு தேறினால், 100 வாட் தகடு ஏறத்தாழப் போதும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கலாகாது. அதனால் ஒரு நாள் இருப்புக்கே 12 வோல்ட்டில் 57 ஆம்பியர்-மணி வேண்டும். மூன்று நாள் தாங்க 170. தகடு 25 ஆண்டு உழைக்கும். பேட்டரியோ நான்கைந்து ஆண்டில் மாற்ற வேண்டியது. எனவே பேட்டரியைப் பெருக்கி நம்பகத்தை வாங்குவோர் அதே செலவைத் திரும்பத் திரும்பச் சுமக்கிறார்கள்.

அடைமழைக் குளிரில் மின்விசிறிக்கு வேலையில்லை. விளக்குக்கும் கைப்பேசிக்கும் தேவை 116 வாட்-மணிதான். ஒரு நாள் இருப்பென்று வாங்கிய அதே 57 ஆம்பியர்-மணி பேட்டரி, வெயிலே இல்லாமல், இவற்றை ஏறத்தாழ மூன்று நாள் தாங்கும். மேகமூட்டத்திலும் இரண்டு மணி நேர வெயிலுக்கு இணையான ஒளி கிடைத்தால் தகடு 140 வாட்-மணி தரும். அன்றைய தேவை அதிலேயே முடிந்துவிடும். நம்பகம் வீடு முழுவதற்கும் ஒரே அளவில் வேண்டும் என்ற எண்ணமே செலவை ஏற்றுகிறது. எது அணையக்கூடாது என்பதை முதலில் வரிசைப்படுத்த வேண்டும். பேட்டரியின் அளவு அதற்குப் பிறகே.

2011இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் இதற்கு அருகில் வந்தது. 300 சதுர அடி வீட்டுக்கான 1.80 லட்சம் ரூபாயில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. வீட்டுக்கு ஐந்து விளக்கு. விரும்பினால் மின்வாரிய இணைப்பும் பெறலாம் என்றிருந்தது. விளக்கைத் தகட்டுக்கும் மற்றதைக் கம்பிக்கும் விட்ட அந்தப் பகுப்பு சரியானது என்றே கருதுகிறேன். ஆனால் ஐந்தாம் ஆண்டில் புது பேட்டரியை வாங்குவது யார் என்ற கேள்விக்கு இத்தகைய எந்தத் திட்டமும் முதல் நாளே விடை வைத்திருக்க வேண்டும். அந்தத் தொகையை ஒதுக்காத மலிவு, கடனை ஏழை வீட்டின் தலையில் தள்ளிவைப்பதாகும்.

புயல் வீசும்போது தகடு கூரையில் இருக்கலாகாது. கழற்றி உள்ளே வைக்கத்தக்க தாங்கியும், மின்விசிறிக்குத் தனிச் சுவிட்சும் சிறு செலவுகளே. கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் படகைக் கரையேற்றி வலையைப் பத்திரப்படுத்துவது இங்குள்ளோர் வழக்கம். அன்றே மின்விசிறியை நிறுத்தி பேட்டரியை நிரப்பி, காற்று வலுக்குமுன் தகட்டைக் கழற்றுவதையும் அந்த வழக்கத்தோடு சேர்க்க வேண்டும். இனி இக்கரைக்குத் தீட்டும் மின் திட்டங்களில் இந்தப் பயிற்சிக்கும் பேட்டரி மாற்றுக்கும் அரசு முதலிலேயே நிதி ஒதுக்க வேண்டுகிறேன்.