டைப் பண்ற கேம், பட்டன் கேமாக மாறிய கதை: 'போர்ட்டோபியா' ஏன் இன்னும் பேசப்படுது?

ஜப்பானின் கோபே நகரம். கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் தலைவர், பூட்டிய அறைக்குள் பிணமாகக் கிடக்கிறார். விசாரணை அதிகாரி நீங்கள்தான். உங்களை 'பாஸ்' என்று கூப்பிட்டு, சொன்னதைச் செய்ய யாசு என்ற உதவியாளர் கூடவே வருவார். இதுதான் 'போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு' வீடியோ கேம்.

முதலில் எப்படி இருந்தது?

1983 ஜூன் மாதம் எனிக்ஸ் நிறுவனம் இதை என்.இ.சி.யின் பிசி-6001 கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது. உருவாக்கியவர் யூஜி ஹோரீ. அதில் பட்டன், மெனு எதுவும் கிடையாது. என்ன செய்யணும் என்பதை கீபோர்டில் டைப் செய்ய வேண்டும்.

சிக்கல் அங்கேதான். நீங்கள் நினைப்பது சரியாக இருந்தாலும், கேமுக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்லாவிட்டால் வேலைக்கு ஆகாது. கொலையாளியைத் தேடுவதை விட வார்த்தையைத் தேடுவதே பெரிய துப்பறியும் வேலையாக இருந்தது.

ஃபேமிகாமில் என்ன மாறியது?

1985 நவம்பர் 29ல் இதே கேம் நிண்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு வந்தது. மாற்றி அமைத்தது கோயிச்சி நகமுராவின் சுன்சாஃப்ட் நிறுவனம். ஃபேமிகாம் கன்ட்ரோலரில் இருப்பதோ நான்கு திசை பட்டனும் இன்னும் சில பட்டன்களும்தான். டைப் செய்ய வழியே இல்லை.

அதனால் 'இடம் மாறு', 'விசாரி', 'கைது செய்' என்ற மாதிரி 14 கட்டளைகளை திரையிலேயே பட்டியலாக வைத்தார்கள். தேர்ந்தெடுத்தால் போதும். 1984ல் வெளியான தன்னுடைய இன்னொரு துப்பறியும் கேமில் ஹோரீ ஏற்கெனவே முயற்சி செய்த முறைதான் இது. பழைய பதிப்பில் இல்லாத ஒரு பாதாள வழிச்சிக்கலும் புதிதாகச் சேர்ந்தது.

அதனால் என்ன ஆச்சு?

கம்ப்யூட்டர் வைத்திருந்த சிலரின் விளையாட்டு, வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்த சின்னப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது. அடுத்த ஆண்டே, 1986 மே மாதம், ஹோரீயும் நகமுராவும் சேர்ந்து 'டிராகன் குவெஸ்ட்' கொண்டு வந்தார்கள். 'பேசு', 'தேடு' என்று மெனுவில் கட்டளை கொடுக்கும் அதே பாணி அதிலும் இருந்தது. 'மெட்டல் கியர்' உருவாக்கிய ஹிடியோ கோஜிமாவும் தன்னைப் பாதித்த கேம்களில் போர்ட்டோபியாவைச் சொல்லியிருக்கிறார்.

கொலையாளி யார் என்பது ஜப்பானில் சொலவடை மாதிரி ஊருக்கே தெரிந்த ரகசியம். விளையாடாதவர்களுக்காக இங்கே சொல்லவில்லை!

2023ல் நடந்தது என்ன?

ஸ்கொயர் எனிக்ஸ் 2023 ஏப்ரலில் ஏஐ தொழில்நுட்பத்தோடு இதை ஸ்டீம் தளத்தில் இலவசமாக வெளியிட்டது. அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு வந்தது அப்போதுதான். மெனுவை எடுத்துவிட்டு, மறுபடியும் டைப் செய்யும் முறையைக் கொண்டு வந்தார்கள். இஷ்டம் போல் பேசினாலும் யாசு புரிந்துகொள்வார் என்பதுதான் திட்டம்.

நடந்தது வேறு. 'நேரடியாகக் கேட்டாலும் யாசுவுக்குப் புரியலை' என்று விளையாடியவர்கள் புலம்ப, விமர்சனங்கள் பெரும்பாலும் எதிர்மறையாக வந்தன. தகாத பதில் வந்துவிடலாம் என்பதால், ஏஐ தானாகவே பதில் எழுதும் வசதியை நிறுவனமே நீக்கியிருந்தது. எழுதி வைத்த பதில்கள் மட்டுமே மிச்சம்.

1983ல் விளையாடியவர்கள் பட்ட அதே அவஸ்தை, 40 வருஷம் கழித்து ஏஐ பெயரில் திரும்பி வந்தது. 1985ல் அதைத் தீர்த்து வைத்தது 14 வரி மெனு!