கங்காணி ஆன்லைனில் இருக்கிறார்

2024 மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை மதியம். பிரியாணியை முடிச்சுட்டு தூக்கம் பாதி முழிப்பு பாதின்னு கிடந்தப்போ அறந்தாங்கியிலிருந்து சித்தப்பா போன்.

"ஏப்பா, தம்பிக்கு வெளிநாட்டுல வேலை வந்திருக்கு. கம்போடியாவாம். கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிற வேலைதான், மாசம் 80,000. முன்னாடி ஒண்ணரை லட்சம் கட்டணுமாம். நீதான் கம்ப்யூட்டர் வேலை பாக்குறவனாச்சே, ஒரு எட்டு பார்த்துச் சொல்லு."

"யார் மூலமா சித்தப்பா வந்துச்சு?"

"வேற யாரு, நம்ம ஊர்ப் பையன்தான். தம்பிக்கு வாட்ஸப்ல அனுப்பியிருக்கான்."

"நம்ம ஊர்ப் பையன்தான்." இந்த மூணு வார்த்தைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். இதுக்கு எங்க பக்கத்துல நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு.

சின்ன வயசுல அப்பத்தா சொல்லும். அதோட தாத்தா கண்டிச்சீமைக்குப் போனவராம். கூட்டிட்டுப் போனது கங்காணி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கங்காணி என்றால் கையில் பிரம்போடு நிற்கும் மேஸ்திரி மாதிரிதான் படித்திருப்போம். ஆனால் தோட்டத்துக்கு ஆள் சேர்த்ததே அவர்தான். அவர் வெள்ளைக்காரர் இல்லை, வெளியூர்க்காரரும் இல்லை. அதே ஊர், பல சமயம் அதே சாதி, தூரத்துச் சொந்தம். இலங்கையில் முதலில் காப்பித் தோட்டம், 1869-ல் வந்த இலைநோயில் காப்பி அழிந்துபோன பிறகு தேயிலைத் தோட்டம். ரெண்டுக்கும் ஆள் வேண்டும். தோட்டத்துரை கங்காணியிடம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். இவர் நல்ல வேட்டி சட்டையோடு வந்து இறங்குவார். தேயிலைச் செடியைத் தோண்டினால் தூரிலேயே தேங்காயும் மாசிக்கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்களாம், மலையகத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். இந்தியாவின் முதல் 'ஜாப் டிஸ்கிரிப்ஷன்' இதுவாத்தான் இருக்கணும் :-)

வழிச்செலவும் முன்பணமும் கங்காணியே கொடுப்பார். இலவசம் இல்லை, கடன். அந்தக் கடன் எப்படி வேலை செய்தது என்று படித்தபோது கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றால் 'துண்டு' என்ற ஒரு சீட்டு வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கத் தயார் என்று பழைய துரை எழுதிக்கொடுப்பது. புதுத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, ஆளோடு சேர்ந்து தோட்டம் மாறும், போகப்போக ஏறும். தன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ அதற்கேற்ப கங்காணிக்குத் தலைக்காசு. 1921-ல் தான் இலங்கையில் சட்டம் போட்டு துண்டு முறையை ஒழித்தார்கள். 1922-ல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1939-ல் தோட்டக்கூலிகள் இலங்கை போவதற்கே இந்திய அரசு தடை போட்டது.

கங்காணிகள் எல்லாரும் வில்லன்கள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஊரில் இருந்தவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், கப்பலேறியவர்களுக்குக் கஞ்சியாவது கிடைத்தது. கல்யாணம், சாவு என்றால் தோட்டத்தில் முன்னால் நின்றதும் அதே கங்காணிதான். ஆனா ஒரு விஷயம் மட்டும் தெளிவு. வேலை தேடுகிறவன் அவரை நம்பியது சொந்தக்காரர் என்பதால், அவருக்குக் காசு வந்ததோ தோட்டத்திலிருந்து.

சரி, இப்போ ஒரு பெரிய தாவல். இந்த இடைத்தரகர் தொல்லையே இல்லாமல் பண்ணிவிடும் என்று எல்லாரும் நம்பியது இன்டர்நெட்டைத்தான். 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப் டெய்லர் என்ற விளம்பரக்காரர் மான்ஸ்டர் போர்டு என்ற வேலைவாய்ப்புத் தளத்தை ஆரம்பித்தார். யோசனை கனவில் வந்ததாம். நமக்கெல்லாம் கனவில் அரியர் எக்ஸாம்தான் வரும். 1997-ல் சஞ்சீவ் பிக்சந்தானி இங்கே நௌக்ரி தளத்தைத் தொடங்கினார். செய்தித்தாள்களில் வந்த வேலை விளம்பரங்களைத் திரட்டி நெட்டில் ஏற்றியதுதான் ஆரம்பம். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு கார்டு வருமா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று எங்க அப்பாவைக் கேட்டால் தெரியும்.

ஆனால் யாரும் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு மாற்றமும் கூடவே நடந்தது. அதுவரை வேலை தேடுகிறவன் விளம்பரத்தைப் பார்த்தான். இனிமேல் விளம்பரம் கொடுக்கிறவர் வேலை தேடுகிறவனைப் பார்க்கலாம். பேர், போன் நம்பர், படிப்பு, இப்போ வேலை இருக்கா இல்லையா, எல்லாம் ஒரே டேட்டாபேஸில். ரெஸ்யூமேக்களைப் பார்க்கக் காசு கட்டிய கம்பெனிகளுக்கு ஒரு லாகின். அந்த லாகின் வேறு யார் கைக்காவது போனால்?

2007 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. மான்ஸ்டர் தளத்தில் ஆள் எடுக்கும் கம்பெனிகளின் லாகினைத் திருடி, ஒரு டிரோஜன் நிரல் தானாகவே தேடித்தேடி ரெஸ்யூமே விவரங்களை அள்ளிக்கொண்டு போனதைச் சிமாண்டெக் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 16 லட்சம் பதிவுகள், சுமார் 13 லட்சம் பேருடையவை. இதில் பேங்க் கணக்கு எதுவும் இல்லை, வெறும் பேர், முகவரி, போன், ஈமெயில்தான் என்று சிலர் நிம்மதிப்பட்டார்கள். அங்கேதான் விஷயமே இருக்கு. வேலை தேடுகிறவனிடம் திருட வேண்டியது பணத்தை இல்லை, அவன் வேலை தேடுகிறான் என்ற செய்தியை. அது கிடைத்தால் பணத்தை அவனே தருவான். திருடிய பட்டியலை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு மெயில் போனது. சிலருக்கு 'வேலை தேட உதவும் மென்பொருள்' என்று ஒன்றை இறக்கச் சொன்னார்கள். இறக்கினால் கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். சிலருக்கு 'டிரான்ஸ்ஃபர் மேனேஜர்' என்று பதவி. உங்க பேங்க் கணக்குக்குப் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பணும். கேட்க கௌரவமான உத்தியோகம். உண்மையில் திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் வேலை. போலீஸ் வந்தால் மாட்டுவது மேனேஜர் சார்தான்.

இதையெல்லாம் படிச்சுட்டு "எவ்ளோ ஏமாளிங்கப்பா"ன்னு சிரிக்கத் தோணும். சிரிக்காதீங்க, நானே ஒரு ஏமாளி. 2019-ல் இன்ஜினியரிங் முடித்து ஆறு மாசம் சும்மா. எல்லாத் தளத்திலும் ரெஸ்யூமே ஏற்றியிருந்தேன். ஒருநாள் ஒரு பெண் பேசினார். ஒரு பெரிய கம்பெனி பேரைச் சொல்லி ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கீங்க என்றார். என் காலேஜ், என் சிஜிபிஏ, என் ப்ராஜெக்ட் தலைப்பு வரைக்கும் சொன்னார். என் ப்ராஜெக்ட் தலைப்பு என் கைடுக்கே ஞாபகம் இருந்திருக்காது! ரீஃபண்டபிள் டெபாசிட் 1,850 ரூபாய். ரூம்மேட்டிடம் வாங்கிக் கட்டினேன். மறுநாள் டாக்குமென்ட் வெரிஃபிகேஷனுக்கு 4,200 கேட்டப்போதான் வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கம்பெனிக்கும் அந்த போனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. அப்பா இந்தப் பதிவைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். (உங்களுக்கு இப்படிப் பணம் போனால் என்னை மாதிரி வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.)

கடைசியில் வேலை எப்படிக் கிடைத்தது? வேளச்சேரி மெஸ்ஸில் பக்கத்து இலையில் சாப்பிட்ட ஒருத்தர், நண்பனோட சீனியர். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பார்த்திருப்பேன். "எங்க டீம்ல ஆள் எடுக்கறாங்க, ரெஸ்யூமே அனுப்பு." அவ்வளவுதான்.

இது என் அதிர்ஷ்டம்னு நினைச்சுட்டிருந்தேன். இல்லையாம். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1970-களிலேயே இதை எழுதிவிட்டார். மாசசூசெட்ஸில் நியூட்டன் என்ற ஊரில் புதிதாக வேலை மாறியவர்களைப் பிடித்து எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கு மேல் தெரிந்தவர் மூலம். சரி, அவர் எவ்வளவு நெருக்கம் என்று தோண்டினால், அடிக்கடி பார்க்கிற ஆள் என்று சொன்னவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மீதி எல்லாம் எப்போதாவது பார்க்கிற அரைகுறைப் பழக்கம். யோசித்தால் நியாயம்தான். நம்ம நெருங்கிய நண்பனுக்கும் நமக்குத் தெரிந்த அதே சேதிதான் தெரியும், அவனும் நம்மோடதான் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். புதுச் சேதி தூரத்துப் பழக்கத்திலிருந்துதான் வரும். 2022-ல் 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களை வைத்து நடத்திய ஆய்வும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. அதனால் வேலை தேடுகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது, 500 இடத்தில் அப்ளை பட்டனை அமுக்குவதற்குப் பதிலாக அரைகுறையாகத் தெரிந்த 20 பேருக்கு ஒழுங்காக ஒரு மெசேஜ் எழுதுங்க.

சிக்கல் என்னவென்றால், கங்காணியும் அரைகுறைப் பழக்கம்தான். நம்ம ஊர்ப் பையனும் அரைகுறைப் பழக்கம்தான். நல்ல வேலை எந்த வாசல் வழியாக வருகிறதோ அதே வாசல் வழியாகத்தான் இவங்களும் வருவாங்க.

2022-ல் அது முழுசாகத் தெரிந்தது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' வேலை என்று சோஷியல் மீடியாவில் விளம்பரம். துபாயிலும் இந்தியாவிலும் ஏஜென்ட்டுகள். குறி கம்ப்யூட்டர் தெரிந்த பசங்க. பாங்காக்கில் இறக்கி, மே சோட் எல்லை வழியாக ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். பாஸ்போர்ட்டும் போச்சு. வேலை என்ன? பொய் ப்ரொஃபைல் வைத்து அடுத்தவர்களைக் காதலிலும் கிரிப்டோவிலும் ஏமாற்றுவது. விடுங்கடா என்றால் பல ஆயிரம் டாலர் கட்டு, இல்லாவிட்டால் வேறு கம்பெனிக்கு உன்னை விற்போம். வாங்கியவன் கொடுத்த காசு இவன் தலையில் கடனாக ஏறும்.

துண்டு! 1921-ல் ஒழித்தோம் என்று நினைத்த அதே துண்டு.

2022 செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பசங்களும் மாட்டியிருந்ததால் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபரில் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2023-ல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்ன கணக்கு, மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களைத் திருப்பி அழைத்துவந்தார்கள்.

இதில் சட்டம் எங்கே போச்சு? 1983-ல் வந்த குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிந்திருக்க வேண்டும். 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கிளம்பும் முன் சோதித்து அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பத்தாவது பாஸ் பண்ணியவர்களுக்கு அந்தச் சோதனை கிடையாது. படித்தவன் தன்னைத்தானே பார்த்துக்கொள்வான் என்று அரசாங்கம் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், 1,850 ரூபாய் கட்டும் வரை. கொத்தனாரைக் காப்பாற்றப் போட்ட வேலியில், டிகிரி வைத்திருந்தவன் கேட்டைத் திறந்துகொண்டு நேராக வெளியே போனான். மியாவாடிக்காரர்களுக்குத் தேவைப்பட்டதும் அவனைத்தான்.

இனி சித்தப்பா. அந்த ஞாயித்துக்கிழமை நான் அவரிடம் இந்த வரலாறெல்லாம் பேசவில்லை. ரெண்டே கேள்வி கேட்கச் சொன்னேன். ஒண்ணு, ஏஜென்ட்டோட லைசென்ஸ் நம்பர் என்ன? கொடுத்தால் ஈமைக்ரேட் தளத்தில் தேடிப் பார்த்துவிடலாம். லைசென்ஸ் இருந்தாலும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு, ஒண்ணரை லட்சம் எந்தக் கணக்கிலும் வராது. ரெண்டு, தம்பியை அனுப்பி வைத்தால் உனக்கு எவ்வளவு, அதை யார் கொடுக்கிறார்கள்? வெளிநாடுதான் போகணும் என்றால் தமிழ்நாடு அரசே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது, அங்கே பதியலாம் என்றும் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. "லைசென்ஸ் ஓனர்கிட்ட இருக்குங்கறான்ப்பா. சரி, ஆளுக்கு உனக்கு எவ்வளவுடா குடுக்குறாங்கன்னு கேட்டேன். அதெல்லாம் எதுக்கு பெரியப்பான்னான். திருப்பிக் கேட்டேன், வெச்சுட்டான்."

தம்பி மூணு மாசம் என்னோடு பேசவில்லை. இப்போ ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் இருக்கிறான், 19,000 சம்பளம். வீட்டு விசேஷங்களில் "அண்ணனால என் 80,000 போச்சு" என்று பாதி விளையாட்டாகச் சொல்வான், பாதி நிஜமாகவும். அந்த மெசேஜைப் பார்த்து அவனோடு ஐடிஐ படித்த பையன் ஒருத்தன் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பிப் போனான். தம்பி அவன் நம்பருக்கு எப்போதாவது மெசேஜ் அனுப்புகிறான். போன பொங்கலுக்கு ஊரில் காட்டினான். எல்லாத்துக்கும் ஒரே ஒரு டிக்தான் விழுந்திருந்தது.