உச்ச எண்ணும் ஓடும் வேகமும்: கிராஃபிக்ஸ் கார்டுகளை ஷூட்டர் விளையாட்டுகளால் அளந்த வரலாறு

விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி 1991இல் ஓர் அலை மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த அந்த நிலையத்தின் உச்சத் திறன் 150 கிலோவாட். இருபது ஆண்டு கழித்து, 2011 மே மாதம், அதே திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் ‘சாகா-220’ என்ற மீக்கணினியை இஸ்ரோ திறந்துவைத்தது. அது இழுக்கும் மின்சாரமும் 150 கிலோவாட் என்றே அறிவிக்கப்பட்டது. ஒன்று மின்சாரம் தருவது, மற்றது தின்பது. எண்கள் ஒத்துப்போனது தற்செயல்தான். என்றாலும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே கேள்வி எழுகிறது. பெயர்ப்பலகையில் எழுதிய உச்ச எண்ணுக்கும் வேலை நடக்கையில் கைக்கு வரும் திறனுக்கும் உள்ள இடைவெளியை எதைக்கொண்டு அளப்பது?

சாகாவுக்குள் இருந்தவை 400 கிராஃபிக்ஸ் செயலிகள். அந்தச் செயலிகளின் பரம்பரையை வளர்த்தவை விண்வெளி ஆய்வுக்கூடங்களைவிட அதிகமாகத் துப்பாக்கி விளையாட்டுகளே. புதிய ஷூட்டர் ஒன்று வெளியானதும் எந்த கார்டு அதை எத்தனை ஃபிரேமில் ஓட்டுகிறது என்று அட்டவணை போடும் வழக்கம் முப்பது ஆண்டு பழையது. அந்த அட்டவணையின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். என் வாதம் இது: ஒவ்வொரு அளவுகோலும் சில காலம் நேர்மையாக உழைத்தது. தயாரிப்பாளர்கள் அதைப் படித்துத் தேர்ந்ததும் அது மழுங்கியது. அளப்பவர்கள் அதன்பின் சராசரி எண்ணைப் பிளந்து உள்ளே பார்க்க நேர்ந்தது.

1993: ஒரே ஆண்டில் இரு அளவுகோல்கள்

1993 ஏப்ரலில் என்விடியா நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த ஜூனில் உலகின் 500 வலிய கணினிகளின் முதல் பட்டியல் வெளிவந்தது. டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ விளையாட்டை வெளியிட்டது. மீக்கணினிகளை வரிசைப்படுத்த லின்பேக் என்ற ஏற்கெனவே இருந்த கணக்குச் சோதனை, வீட்டுக் கணினிகளுக்கு டூம் என்று இரண்டு அளவுகோல்கள் ஒரே ஆண்டில் நிலைபெறத் தொடங்கின. ஒன்றை ஒன்று அறியாது.

டூமுக்குள் ‘டைம்டெமோ’ என்றொரு கட்டளை இருந்தது. பதிவு செய்து வைத்த ஆட்டம் ஒன்றைக் கணினியால் முடிந்த வேகத்தில் திரும்ப ஓட்டிக் காட்டும். மூன்றாம் டெமோவில் 2134 துடிப்புகள். துடிப்பு என்பது நொடியில் 35இல் ஒரு பங்கு. ஓட்டி முடிக்க எத்தனை துடிப்பு நேரம் பிடித்தது என்று திரை காட்டும். 2134ஐ 35ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது கிடைக்கும். யார் ஓட்டினாலும் அதே ஆட்டம், அதே காட்சி, அதே குண்டு. மீண்டும் மீண்டும் செய்து சரிபார்க்கத்தக்க சோதனை என்ற அறிவியல் நிபந்தனையை ஒரு பொழுதுபோக்கு நிரல் தன் போக்கில் நிறைவேற்றிவிட்டது. அப்போது முப்பரிமாண கார்டு என்ற பொருளே வீடுகளில் இல்லை. டூம் அளந்தது மையச் செயலியையும், படத்தைத் திரைக்குக் கொண்டுபோன பாதையின் அகலத்தையும்தான்.

1996 ஜூனில் வந்த ‘குவேக்’ இந்த வழக்கத்தைச் சந்தையின் சட்டமாக்கியது. சுவர்களின் பரப்பைச் சரியான தொலைவுத் தோற்றத்தில் வரைய அது தசம வகுத்தலை நம்பியது. இன்டெல் பென்டியம் அந்த வகுத்தலைப் பின்னணியில் நடக்கவிட்டு, அதே நேரத்தில் புள்ளிகளை வரைந்துகொண்டே போகும். சைரிக்ஸ் 6x86க்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அலுவலக நிரல்களில் பென்டியத்தோடு தோள் உரசிய அந்தச் செயலி குவேக்கில் மண்ணைக் கவ்வியது. வாங்குபவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை, குவேக் எண்ணைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் குவேக்கின் ஓப்பன்ஜிஎல் வடிவம், அதாவது வரையும் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் வடிவம், வெளியானதும் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டுக்கு வாழ்வு வந்தது. 4 மெகாபைட் நினைவகம் கொண்ட அந்த கார்டு 640க்கு 480 திரையில் காட்டிய ஓட்டத்தைச் செயலியின் பலம் மட்டும் கொண்டு யாரும் எட்ட முடியவில்லை. கார்டுகளை விளையாட்டால் ஒப்பிடும் மரபு இங்கிருந்துதான் முறையாகத் தொடங்குகிறது எனலாம்.

கேள்வித்தாளை அறிந்த மாணவன்

1999இல் ‘குவேக் 3 அரீனா’ வந்தது. உலகெங்கும் பத்திரிகைகள் அதே டெமோவை ஓட்டி அட்டவணை வெளியிட்டன. கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிந்தால் மாணவன் என்ன செய்வான் என்பது 2001 அக்டோபரில் வெளிப்பட்டது. ஹார்டுஓசிபி தளத்தினர் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டைச் சோதித்தபோது, விளையாட்டின் நிரல்கோப்பில் ‘குவேக்’ என்றிருந்ததை ‘குவாக்’ என்று மாற்றினார்கள். வேகம் சரிந்தது, பரப்புப் படங்களின் தெளிவு கூடியது. கார்டின் டிரைவர் நிரல்கோப்பின் பெயரைக் கண்டதும் படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது என்பது அதனால் புலனாயிற்று. பின்னர் வந்த டிரைவர், தரத்தைத் திருப்பித் தந்தும் வேகத்தைப் பெரும்பாலும் காத்துக்கொண்டது. அந்த கார்டுக்கு உண்மையிலேயே திறமை இருந்தது. இந்த வரலாற்றில் எனக்குச் சுவையான இடமும் அதுதான்.

இரண்டு ஆண்டுக்குள் முறை எதிரணிக்கு வந்தது. 2003இல் ஃபியூச்சர்மார்க் நிறுவனத்தின் ‘3டிமார்க்03’ சோதனையில் கேமரா எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். அந்தத் தடத்திலிருந்து கண்ணுக்குப் படாதவற்றை வரையாமலே விடும்படி என்விடியாவின் டிரைவர் எழுதப்பட்டிருந்தது. ஃபியூச்சர்மார்க் அந்தக் குறுக்குவழிகளை அடைத்துத் திருத்தம் வெளியிட்டதும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் சுமார் 24 விழுக்காடு விழுந்தது. ஏடிஐ கார்டு இழந்தது 2 விழுக்காட்டுக்கும் கீழே. சில நாட்களில் என்விடியாவும் ஃபியூச்சர்மார்க்கும் கூட்டாக ஓர் அறிக்கை விட்டு, அது ஏமாற்று இல்லை, குறிப்பிட்ட நிரலுக்கான மேம்படுத்தல் என்று சொல்லிக்கொண்டன. சொல்லை மாற்றினால் செயல் மாறிவிடுமா என்பதை வாசகரின் தீர்ப்புக்கு விடுகிறேன். இதன்பின் சோதிப்பவர்கள் ஆயத்த டெமோக்களை ஐயத்தோடு பார்த்தார்கள். விளையாட்டுக்குள் தாங்களே புகுந்து, ஒரு குறிப்பிட்ட தெருவையோ காட்டையோ திரும்பத் திரும்ப நடந்து அளக்கத் தொடங்கினார்கள்.

2007 நவம்பரில் ‘கிரைசிஸ்’ வந்தபோது அந்த உழைப்பு தேவைப்பட்டது. ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனம், அன்று யாரிடமும் இல்லாத கார்டை மனத்தில் வைத்து அதை எழுதியதுபோல் இருந்தது. அன்றைய உயர்தர ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் கார்டு 1920க்கு 1200 திரையில் மிக உயர்ந்த அமைப்பில் நொடிக்கு 30 ஃபிரேமைத் தொடத் திணறியது. வரலாற்று நோக்கில் அந்த கார்டின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அதே 8800 ஜிடிஎக்ஸோடுதான் 2006 நவம்பரில் என்விடியா கூடா என்ற நிரலாக்க முறையை அறிவித்தது. படம் வரையச் செய்த சில்லைக் கணக்குப் போடவும் பயன்படுத்தலாம் என்றானது. திருவனந்தபுரத்துக்கு வரும் வழி அங்கே திறந்தது.

சாகா: பெருக்கலும் அளத்தலும்

சாகாவில் இருந்தவை டெஸ்லா 2070 வகைச் செயலிகள். 2010இல் விளையாட்டுக்காக விற்பனைக்கு வந்த ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 470க்கும் இதற்கும் அடிப்படைச் சில்லு ஒன்றே. இரண்டிலும் கணக்கிடும் அலகுகள் 448. ஆனால் ஷூட்டர் விளையாட்டுக்கு 32 பிட் துல்லியம் போதும். ராக்கெட்டின் மூக்கைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று கணக்கிட 64 பிட் வேண்டும். 64 பிட் வேகம் டெஸ்லாவில் 32 பிட் வேகத்தில் பாதி. ஜிஃபோர்ஸில் எட்டில் ஒரு பங்காகவே மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கேம் அட்டவணையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும், காற்றியக்கக் கணக்கில் ஒன்று மற்றதை எட்டிப்பிடிக்காது. எந்த வேலைக்கு என்று சொல்லாமல் எது வேகமானது என்று கேட்டால் பதில் கிடையாது.

‘220’ என்ற எண் பிறந்த விதத்தை இஸ்ரோவின் அறிவிப்பே சொல்லிவிட்டது. ஒவ்வொரு கிராஃபிக்ஸ் செயலியும் 500 கிகாஃபிளாப்ஸ் (ஒரு கிகாஃபிளாப்ஸ் என்பது நொடிக்கு நூறு கோடிக் கணக்கீடுகள்), ஒவ்வொரு மையச் செயலியும் 50. இரண்டு வகையிலும் 400 வீதம். பெருக்கிக் கூட்டினால் 220 டெராஃபிளாப்ஸ். கோட்பாட்டு உச்சம் என்று அறிவிப்பு தெளிவாகவே குறிப்பிட்டது, மறைக்கவில்லை. விப்ரோ வன்பொருள் தந்தது, செலவு ஏறத்தாழ 14 கோடி ரூபாய். பின்னர் விரிவாக்கப்பட்ட சாகா 2012 ஜூன் மாத உலகப் பட்டியலில் 86ஆம் இடம் பிடித்தபோது அதன் கோட்பாட்டு உச்சம் சுமார் 394 டெராஃபிளாப்ஸ், லின்பேக்கில் அளந்து கிடைத்தது சுமார் 188. பாதிக்கும் சற்றுக் கீழே. கிராஃபிக்ஸ் செயலிகளை நம்பிய அக்கால மீக்கணினிகளில் இது அபூர்வம் இல்லை. எண்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பாதை, எண்களை மெல்லும் வாயின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. லின்பேக்கை வளர்த்த ஜாக் டோங்காராவே அடுத்த ஓரிரு ஆண்டில், அது உண்மையான அறிவியல் வேலைகளைப் பிரதிபலிக்கவில்லை என்று சொல்லி, நினைவகப் பாதையைக் கடுமையாகச் சோதிக்கும் எச்பிசிஜி என்ற மாற்று அளவுகோலை முன்வைத்தார்.

நொடிக்கு உள்ளே

விளையாட்டுப் பக்கத்தில் அதே மனக்குறை 2011 செப்டம்பரில் வாய்திறந்தது. டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன், நொடிக்கு 60 ஃபிரேம் என்பது ஒரு சராசரிதானே என்று கேட்டார். சராசரி 60 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி. ஐம்பத்தொன்பது ஃபிரேம்கள் சட்டென்று வந்து, ஒன்று மட்டும் கால் நொடி இழுத்தாலும் சராசரியில் அந்தத் தடுக்கல் தெரியாது. ஆடுபவரின் கண்ணுக்குத் தெரியும். எதிராளி சுட்டுவிட்டுப் போயிருப்பான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆன நேரத்தைக் கோடாக வரைந்து பார்த்ததும், இரண்டு கார்டுகளை இணைத்து ஓட்டுவதில் சராசரி ஏறினாலும் ஓட்டம் ஏன் சீராக இல்லை என்பது புரிந்தது. ஏடிஐயை வாங்கியிருந்த ஏஎம்டி 2013 ஆகஸ்டில் ஃபிரேம் இடைவெளியைச் சீராக்கும் டிரைவர் வெளியிட நேர்ந்தது. இன்று பெரும்பாலான அட்டவணைகளில் சராசரியின் கீழே மிக மெதுவான ஒரு விழுக்காட்டு ஃபிரேம்களின் எண் தனியே இருப்பது இதன் வழிவந்தது.

விழிஞ்ஞத்துப் பொறியாளர்கள் இதே சிக்கலோடு முன்பே மல்லுக்கட்டியவர்கள். கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்கும். மேலே அடைபட்ட காற்று டர்பைன் வழியே வெளியேறும், திரும்ப உள்ளே இழுபடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரி 75 கிலோவாட், டிசம்பர் முதல் மார்ச் வரை 25 என்று அந்நிலையத்தின் வெளியீடு சொல்லப்பட்டது. ஆண்டுச் சராசரியைவிடப் பெரிய தொல்லை ஒரே அலைக்குள் நடப்பது. சில நொடிகளுக்குள் காற்றோட்டம் சுழியிலிருந்து உச்சத்துக்குப் போய்த் திரும்பும். முதலில் பொருத்திய வெல்ஸ் டர்பைன் உச்சத் திறனில் நல்லது. ஆனால் அந்த உச்சம் குறுகிய காற்றோட்ட எல்லைக்குள் மட்டுமே. ஓட்டம் மிஞ்சினால் திறன் சட்டென்று சரியும். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து சோதித்த இம்பல்ஸ் டர்பைனின் உச்சம் தாழ்வு, ஆனால் அகன்ற எல்லையில் நின்று பிடிக்கும். எது மேல் என்பதை உச்சப் புள்ளியால் தீர்மானிக்க முடியாது. அந்தக் கடலில் எந்த அளவு அலை எவ்வளவு நேரம் வரும் என்ற பரவலோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஃபிரேம் நேர வரைபடத்தில் வாசன் செய்ததும் ஏறத்தாழ இந்தக் கணக்கே.

எது ஃபிரேம்?

அதன் பின்னும் அளவுகோல் ஓய்வெடுக்கவில்லை. 2018இல் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் என்ற நுட்பம் வந்தபோது கார்டு சிறிய படத்தை வரைந்து நரம்பு வலையமைப்பால் பெரிதாக்கத் தொடங்கியது. 2022இல் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைத் தானே கற்பித்துச் செருகியது. 2025 ஜனவரியில் அந்தச் செருகல் மூன்று வரை போனது. அதை அறிவித்த மேடையிலேயே என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு முந்தைய தலைமுறையின் 1,599 டாலர் 4090 அளவு திறன் தரும் என்றார். செருகிய ஃபிரேம்களையும் எண்ணிக்கொண்டால்தான் அந்தக் கூற்று நிற்கும். செருகிய ஃபிரேம் கண்ணுக்கு வழவழப்பு தரும், விரலின் அசைவுக்குப் பதில் தராது. சுடும் பொத்தானை அழுத்தியது அடுத்த உண்மையான ஃபிரேமில்தான் தெரியும். போட்டி ஷூட்டர்களில் இந்தத் தாமதமே வெற்றி தோல்வி. ஆகவே கார்டு தானே வரைந்த ஃபிரேமையும் செருகியதையும் தனித்தனிப் பத்தியில் காட்டி, அழுத்தலுக்கும் திரைக்கும் இடையிலான தாமதத்தை மில்லிநொடியில் தராத ஒப்பீட்டை அரைகுறை என்றே கொள்ள வேண்டும்.

2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ ஒளிக்கதிர்த் தடமறியும் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. குறைந்தபட்சத் தேவை 8 கிகாபைட் நினைவகம். முன்பெல்லாம் பழைய கார்டு அட்டவணையின் அடியில் இருக்கும். இங்கே அட்டவணையில் அதற்கு இடமே கிடையாது.

நம் ஊர்ச் சோதனைகளுக்கு மட்டும் உரிய ஒரு குறையும் உண்டு. 2012க்குப் பிந்தைய கார்டுகள் வெப்பத்தையும் மின் இழுப்பையும் பார்த்துத் தம் கடிகார வேகத்தைத் தாமே ஏற்றி இறக்கும். 2013இல் ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ் 95 பாகை வெப்பத்தைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ள, பத்திரிகைகளுக்குத் தந்த கார்டும் கடையில் வாங்கிய கார்டும் வேறு வேறு எண் காட்டின. குளிரூட்டிய ஆய்வறையில் எடுத்த அட்டவணை, மார்ச் மாத விழிஞ்ஞத்தில் ஜன்னல் திறந்த அறைக்கு அப்படியே பொருந்தாது. உப்புக்காற்று படியும் வெப்பச்சிதறல் தகடுகள் ஓரிரு ஆண்டில் எவ்வளவு திறன் இழக்கின்றன என்பதையும் அந்த அட்டவணையிலிருந்து அறிய வழியில்லை. தமிழிலோ மலையாளத்திலோ கார்டு ஒப்பீடு வெளியிடுபவர்கள் அறையின் வெப்பநிலை, ஈரப்பதம், சோதனை தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் எண் எடுக்கப்பட்டது ஆகிய மூன்றையும் அட்டவணையின் தலைப்பிலேயே அச்சிட வேண்டும். முதல் ஐந்து நிமிட எண்ணையும் அரை மணி நேரம் கழித்த எண்ணையும் அருகருகே போட்டால் இன்னும் நல்லது.