வந்தவர் யார்? வாவிக்கரை முஸ்லிம்களும் வரலாறு எழுதியோரும்

இலங்கை முஸ்லிம்களைப் பற்றிய பழைய எழுத்துக்களைப் புரட்டினால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "இவங்க எங்கிருந்து வந்தவங்க?" கேள்வியில் பிழையில்லை. அது எப்போது, எதற்காகக் கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் முஸ்லிம்கள் என்பது அதன் சாரம். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி அங்கத்தவர் தேவையா என்ற பேச்சு நடந்த காலம் அது. அடுத்த வருடமே எம்.சி. அப்துல் றஹ்மான் முதல் முஸ்லிம் அங்கத்தவராக நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு நூல் எழுதி, அரபு வம்சத்தை முன்வைத்தார். இருவரும் உரிமையை வம்சத்தில் தேடினார்கள். சம்மாந்துறைப் போடியாரும் மருதமுனை நெசவாளியும் இந்த வாதத்தின் நடுவில் இருக்கவில்லை.

வம்சப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1915 காட்டியது. அநகாரிக தர்மபால போன்றோர் முஸ்லிம் வியாபாரிகளைச் சுரண்ட வந்த அந்நியராக எழுதினார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த கரையோரச் சோனகர் மீதே முதற் கோபம். ஆனால் மே மாதக் கடைசியில் கண்டியில் கலவரம் வெடித்துப் பரவியபோது, தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தவர்களின் கடைகளும் தப்பவில்லை. கல்லெறிகிறவன் வம்சாவளி கேட்டுவிட்டா எறிகிறான்?

இனி எங்கட வாவிக்கரைக்கு வருவோம். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டியரசன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது பலரும் எடுத்தாளும் செய்தி. இதைக் காட்டி "நீங்க பிறகு வந்தவங்க" என்பார்கள். அவர்கள் இந்தத் தீவின் ஒரு கரையிலிருந்து துரத்தப்பட்டு, இந்தத் தீவின் அரசனாலேயே மறு கரையில் குடியமர்த்தப்பட்டவர்கள். அகதி வேறு, அந்நியன் வேறு.

வாவிக்கரையின் வாய்மொழிக் கதை இன்னும் சுவையானது. முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை மூண்டது. பட்டாணியர் முக்குவருக்குத் துணைநின்று திமிலரைத் துரத்தினார்கள். பின் ஏறாவூரில் குடியமர்ந்து முக்குவப் பெண்களை மணந்தார்கள். கதையை எழுத்துக்கெழுத்து வரலாறாகக் கொள்ளத் தேவையில்லை. ஆனால் அதில் முக்குவரும் வந்தவரே, பட்டாணியரும் வந்தவரே. பிற்கால எழுத்தில் மட்டும் ஒருவர் மண்ணின் மைந்தராகவும் மற்றவர் வந்தேறியாகவும் ஆனது எப்படி?

வாழ்க்கை வேறு சாட்சி சொல்கிறது. தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்திலும் உண்டு. கோயிலுக்கு வண்ணக்கர் போலப் பள்ளிவாசலுக்கு மரைக்கார். மகளுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியிருப்பதும் இரு பக்கமும் வழக்கம். ஒரே நிலத்தில் நெடுங்காலம் கலந்து வாழாமல் இது வராது.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் ஏறாவூரிலும் படுகொலை. ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். "உங்களுக்கு இங்கே என்ன உரிமை" என்ற பேச்சு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை.

நம் படைப்பாளிகள் இதற்கு நல்ல விடை தந்திருக்கிறார்கள். கல்முனை மண்ணின் எம்.ஏ. நுஃமான் 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைத் தன் இழப்பாகவே கவிதையில் எழுதினார். ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபாவின் கதை மாந்தர் தாங்கள் யாரென்று யாருக்கும் நிரூபிப்பதில்லை. அந்த மண்ணில் வாழ்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆய்வாளருக்கும் வழி அதுவே. வம்சப் பெருமையில் போட்டி போடுவதை விட்டுவிட்டு, பள்ளிவாசல் பதிவேடுகளையும் காணி உறுதிகளையும் மூத்தம்மாமார் வாயிலுள்ள குடிக் கதைகளையும் சேர்ப்போம். இருந்து உழுததற்கும் அடக்கம் செய்ததற்கும் உள்ள சான்று, எங்கிருந்து வந்தோம் என்பதைவிடப் பலமானது.