லாக்: தேக்குக் கட்டையிலிருந்து கன்சோல் வரை

கோவை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, அங்கிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்ஸ்லிப். யானை முகாம் பார்க்கப் போகிறவர்கள் ஏராளம்; ஊர்ப் பெயருக்குக் காரணம் கேட்பவர்கள் குறைவு. ஆங்கிலேயர் காலத்தில் ஆனைமலைக் காட்டில் வெட்டிய தேக்குக் கட்டைகளை உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம் அது. அடிவாரம் சேர்ந்த கட்டைகள் மேற்குக் கடற்கரைக்குப் போய், பம்பாய் கப்பல் தளத்தில் கப்பலாயின. அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். சரவணம்பட்டி கம்பெனியில் புரோகிராம் ஓடாமல் முழிக்கும் தம்பியிடம், "கன்சோல் லாக் போட்டுப் பாத்தீங்களா?" என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்கிறாரே, அந்த லாக்கும் இந்தக் கட்டைதான்.

கட்டை எப்படிக் கணினிக்குள் போனது? வழி கடல் வழி. நடுக்கடலில் கப்பலின் வேகத்தை அளக்க மாலுமிகளிடம் கருவி இல்லை. ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமாக நீரில் போட்டார்கள். வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574இல் எழுதிய கப்பலோட்டும் நூலிலேயே இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் அந்தத் துண்டு கால்வட்ட வடிவப் பலகையானது. வளைந்த ஓரத்தில் ஈயம் பதித்திருப்பார்கள், நீரில் நிமிர்ந்து நிற்பதற்காக. பலகை விழுந்த இடத்திலேயே நிற்கும், கப்பல் நகரும், கயிறு உருளையிலிருந்து ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 வினாடி மணல் கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியதோ, மணிக்கு அத்தனை கடல் மைல். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்' கணக்கில் சொல்வது அந்த முடிச்சால்தான்.

எண்ணியதை எழுத வேண்டுமல்லவா? புத்தகம்போல மடிக்கக்கூடிய ஒரு மரப்பலகையில் சாக்பீஸால் கட்டம் கட்டமாக எழுதினார்கள்: மணி, முடிச்சு, திசை, காற்று. அதைப் பார்த்து ஏட்டில் நகல் எடுத்தார்கள். கட்டையின் கணக்கு எழுதிய ஏடு 'லாக் புக்' ஆயிற்று. பிறகு கட்டை மறைந்து பெயர் மட்டும் நின்றது. அரசு ஜீப் டிரைவர் கிலோமீட்டர் எழுதுவதும் லாக் புக்கில்தான். பிளஸ் டூ மாணவர் கணக்குப் போடப் புரட்டும் லாக் புக் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது லாகரிதம், 1614இல் நேப்பியர் கிரேக்கச் சொற்களைக் கோத்து உண்டாக்கியது.

கணினி அறைக்கும் லாக் புக் எழுதும் பழக்கம் அப்படியே வந்தது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் சிக்கிய விட்டில்பூச்சியை எடுத்து, நேரம் குறித்து, ஊழியர்கள் லாக் புக்கிலேயே ஒட்டினார்கள். பூச்சியோடு அந்தப் பக்கம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இனி, லாக்குக்கு முன்னால் வரும் கன்சோல். அந்தச் சொல்லுக்கு பிரெஞ்சில் சுவரில் பதிக்கும் தாங்கி என்று பொருள். அது ஆர்கன் வாத்தியத்தின் வாசிப்பு மேசைக்கும், பின்னர் கணினியை இயக்கும் மேசைக்கும் பெயராகிப் பிரவுசருக்குள் வந்து சேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் பிறந்தபோது பிழை தேடுகிறவர்களுக்கு 'அலர்ட்' பெட்டிதான் துணை. 2006இல் வந்த ஃபயர்பக் கருவி, நிரலின் நடுவிலிருந்து கன்சோலில் செய்தி எழுதும் கன்சோல்.லாக்கை எல்லார் கைக்கும் கொண்டுவந்தது.

லாக் வரிகளுக்கு வண்ணம் வேறு வழியில் வந்தது. டெர்மினலில் எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்பு, 31, எம் என்று அனுப்பினால் எழுத்து சிவப்பாகும். 32 பச்சை, 33 மஞ்சள். முடிவில் 0 போட்டு நிறுத்த மறந்தால் அடுத்த வரிகளும் சிவப்பாகவே ஓடும். பிரவுசரில் சதவீதக் குறியோடு சி எழுத்தைப் போட்டு, நிறத்தைத் தனியே சொன்னால் போதும். டெர்மினல் எண்களை மனப்பாடம் செய்யாமலே வண்ணம் போட, 2013இல் சிந்த்ரே சோர்ஹுஸ் என்பவர் எழுதிய நிரல் தொகுப்பு உலகம் முழுக்கப் பரவியது. அதன் பெயர் சாக். மாலுமிகள் லாக் பலகையில் எழுதிய அதே சாக்! தற்செயலாகவே இருக்கட்டும், இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

'பதிவு' என்ற தமிழ்ச்சொல் லாக்குக்குப் பொருந்தும். ஆனாலும் ஓடுகிற ஒன்றின் போக்கை அறிய, அசையாத ஒரு துண்டைப் போட்டுப் பார்ப்பது என்ற அந்தப் பழைய வேலையைத்தான் நம் புரோகிராமர்கள் தினமும் செய்கிறார்கள். ஓடும் நிரலின் நடுவே ஒரு வரியைப் போட்டு, எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

அதனால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஹாய்', '111', 'வந்துருச்சு' என்று மட்டும் லாக் போடாதீர்கள். எந்த நேரம், எந்த ஃபங்ஷன், என்ன மதிப்பு என்று மாலுமியைப் போலக் கட்டம் நிரப்பி எழுதுங்கள். சிவப்பைப் பிழைக்கு மட்டும் வையுங்கள். பக்கத்தில் 'பிழை' என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் உங்கள் அணியில் இருக்கலாம்.