கசடும் கொழுப்பும்: 1857க்குப் பின்னிருந்த ஒரு துப்புரவுச் சிக்கல்

1857ஆம் ஆண்டின் கொழுப்புத் தோட்டா விவகாரம் பாடநூல்களில் பெரும்பாலும் சமய நம்பிக்கை பற்றிய செய்தியாகவே இடம்பெறுகிறது. தோட்டாவில் கொழுப்பு ஏன் தடவப்பட்டது என்னும் கேள்வி அங்கே அரிதாகவே எழுகிறது. விடை துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கிறது.

வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்து முழுவதும் வாயுவாகி விடுவதில்லை. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகிறது. அதில் ஒரு பகுதி குழலின் உட்சுவரில் கசடாகப் படிகிறது. அக்கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். வங்கத்து மழைக்காலத்தில் ஓரிரவு விட்டுவைத்தாலே துரு ஏறத் தொடங்கிவிடும். எனவே சுட்டு முடித்த சிப்பாய்க்குத் துப்புரவு தவிர்க்கவியலாத கடமை. முதலில் சலாகையைக் குழலுக்குள் விட்டு, மருந்து எஞ்சியுள்ளதா என்று அறிய வேண்டும். வெறுங்குழலின் அடியில் இரும்பு பட்டால் கணீரென ஒலிக்கும். மருந்தும் குண்டும் கிடந்தால் ஒலி மழுங்கும். பிறகு தண்ணீர், வெந்நீராயின் நன்று. கசடிலுள்ள உப்புகள் நீரில்தான் கரையும், எண்ணெயில் கரையா. துணி சுற்றிய சலாகையால் துடைத்து, ஈரம் அறவே உலர்ந்த பின்னரே எண்ணெய் பூச வேண்டும். முந்திப் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகும்.

பழைய துப்பாக்கியின் குழல் 0.75 அங்குலம், குண்டு ஏறத்தாழ 0.69. இந்த இடைவெளியால் குறி பிசகும். ஆயினும் கசடு படிந்த குழலிலும் குண்டு தடையின்றி இறங்கியது. துப்புரவு மாலைவரை காத்திருக்கலாம். 1853ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டில் அந்தச் சலுகை இல்லை. குழல் 0.577, குண்டு 0.568, அதன்மேல் காகிதச் சுற்று வேறு. உட்சுவரில் மூன்று சுழற்காடிகள். தொடர்ந்து சுட்டால் கசடு இறுகிக் குண்டு சிக்கிக்கொள்ளும். அதை இளக்கவே குண்டைச் சுற்றிய காகிதத்தில் விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் தடவப்பட்டன. மாலையில் கையால் செய்த வேலையின் ஒரு பங்கு இவ்வாறு தோட்டாவுக்குள்ளேயே புகுந்தது. தோட்டாவையோ பல்லால் கடித்துத் திறப்பதே பயிற்சி விதி. கடிப்பது புதிய வழக்கமன்று. கடிக்கும் காகிதத்தில் இருந்த கொழுப்புதான் புதிது.

1857 ஜனவரியில் டம்டம்மில், அது பசு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பரவியது. எந்த விலங்கின் கொழுப்பு என்பதை ஆயுதசாலை முன்கூட்டியே உறுதிசெய்திருக்கவில்லை. இயந்திரம் கேட்ட தூய்மையை அளந்தவர்கள், அதைக் கையாளும் மனிதரின் தூய்மையைக் கணக்கில் எடுக்கவே இல்லை. பிழை அங்கேதான் தொடங்குகிறது. அம்மாத இறுதியில் அரசு இறங்கிவந்தது: தோட்டாக்கள் கொழுப்பின்றி வழங்கப்படும், சிப்பாய்கள் தமக்கு உகந்ததைத் தாமே தடவிக்கொள்ளலாம். கையால் கிழிக்கும் முறையும் பின்னர் அனுமதிக்கப்பட்டது. அதற்குள் காகிதத்தின் பளபளப்பே ஐயத்துக்கு உள்ளாகிவிட்டது.

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் இலகு குதிரைப்படையைச் சேர்ந்த 90 வீரர்களில் 85 பேர் தோட்டாக்களைப் பெற மறுத்தனர். அவை என்ஃபீல்டுக்கு உரியவை அல்ல. அவர்கள் முன்பே பயன்படுத்திவந்த பழைய வகைத் தோட்டாக்கள்.